மூலம் நகர்ந்தால் உரை என்ன செய்யும்? இயங்குதள நூல்கள் குறித்து ஒரு திறனாய்வு



திறனாய்வு என்றால் நாவல், சிறுகதை, கவிதை என்றே பார்த்துப் பழகிவிட்டோம். இம்முறை கணினி நூல்களை எடுத்துக்கொள்வோம். கணினியை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தரும் நூல்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. கணினிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தைக் கழற்றிக் காட்டும் நூல்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தமிழ் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மூலம், உரை, பதிப்பு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நூல்களை எழுதியவர்கள் பட்ட பாடெல்லாம் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. 'இந்நூலைத் திறனாய்க' என்று வினா வந்தால் கருப்பொருள், மொழிநடை, உத்தி, படிப்பினை என்று வரிசையாக எழுதிவிடுகிறோம். அந்த நூல் எப்படி எழுதப்பட முடிந்தது, யாருடைய அனுமதியில் வெளிவந்தது, எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று கேட்பதில்லை. இலக்கிய நூலுக்கு இவற்றைக் கேட்காமல் ஓரளவு சமாளித்துவிடலாம். இயங்குதள நூலில் அது நடக்காது.

முதலில் இயங்குதளம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கைப்பேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வாட்ஸ்அப்பில் பதில் எழுதுகிறீர்கள். பின்னால் ஒரு கோப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்று வேலைக்கும் சிப்பை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒன்றின் நினைவகத்தில் இன்னொன்று கைவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோப்புகளை ஒழுங்காக அடுக்கி வைக்க வேண்டும். பள்ளியில் கால அட்டவணை போடுகிற துணைத்தலைமையாசிரியர் மாதிரி. அவர் வேலை சரியாக நடந்தால் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது! இயங்குதளத்தின் நடுப்பகுதியைக் கெர்னல் என்பார்கள். மனிதர்கள் எழுதிய நிரல் வரிகள்தாம் அதுவும். அந்த வரிகளுக்கு மூல நிரல் என்று பெயர். ஆக, இங்கே மூலம் இருக்கிறது. மூலம் என்று ஒன்று இருந்தால் அதற்கு உரை எழுத ஒருவர் வராமலா போவார்?

வந்தார். ஜான் லயன்ஸ் என்பவர், ஆஸ்திரேலியாவில், சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கற்பித்தவர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளம் உரிமத்தோடு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தது. மூல நிரலும் கூடவே வந்தது. அதன் ஆறாம் பதிப்பில் கெர்னல் பத்தாயிரம் வரிக்கும் குறைவு. ஒருவர் ஒரு பருவத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்துவிடக்கூடிய அளவு. லயன்ஸ் 1976-இல் அதைத் தம் மாணவர்களுக்குப் பாடமாக வைத்தார். இரண்டு புத்தகங்களாகத் தயாரித்தார். ஒன்றில் மூல நிரல், வரிக்கு வரி எண் போட்டு. இன்னொன்றில் உரை. உரையில் ஓர் எண்ணைப் பார்த்தால் மூலத்தில் அந்த வரிக்குப் போகலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போது நமக்கு என்ன தோன்றும்? நம்ம உரையாசிரியர்கள் செய்ததுதானே இது! ஆனால் லயன்ஸின் உரை பதவுரையோடு நின்றுவிடவில்லை. முதலில் அந்த நிரல் ஓடுகிற பிடிபி-11 என்ற இயந்திரத்தை விளக்குகிறார். பிறகு கணினி கண்விழிப்பதிலிருந்து தொடங்குகிறார். ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றை எப்படித் தொடங்குவது, வெளியிலிருந்து குறுக்கீடு வந்தால் என்ன செய்வது, கோப்பை எப்படித் தேடிப் பிடிப்பது என்று படிப்படியாகப் போகிறார். எளிதான இடத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டு, கடினமான இடத்தில் நிற்கிறார். அந்த விகிதம்தான் நல்ல உரைக்கு அடையாளம் என்பது என் கருத்து. எல்லா இடத்திலும் ஒரே அளவு விளக்கம் தருகிற உரை, மாணவன் எங்கே தடுமாறுவான் என்று யோசிக்காமல் எழுதிய உரை.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. லயன்ஸ் கைப்பிடித்து நடத்துகிறவர் இல்லை. பிடிபி-11-இன் மொழி தெரியாதவர் பல இடங்களில் தவித்துப்போவார். சி மொழியும் அந்தக் காலத்துப் பழைய வடிவம். இன்று அதைப் படிப்பது சங்கப் பாடலைச் சொற்பொருள் இல்லாமல் படிப்பது மாதிரி. ஆனாலும் ஓர் ஆசிரியர் தம் வகுப்பு மாணவரை நேராகப் பார்த்துப் பேசுகிற குரல் அதில் இருக்கிறது. பின்னால் வந்த பல தடிமனான நூல்களில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

அந்த மூலத்தில் 2238-ஆம் வரி ரொம்பப் பிரபலம். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத் தாவுகிற நுணுக்கமான இடம் அது. அங்கே நிரலை எழுதியவர்களே, படிப்பவருக்கு இது புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பை விட்டுச் சென்றார்கள். படித்தவர்கள் பலர் அதை ஆணவம் என்று எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் ரிட்சி விளக்கம் சொன்னார். இது தேர்வில் வராது என்று ஆசிரியர் சொல்வாரே, அந்த மாதிரி எழுதியதுதானாம். அதோடு நிற்கவில்லை, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்பது தங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். மூலத்தை எழுதியவருக்கே புரியாத இடத்தில் உரையாசிரியர் என்ன செய்வார்? தேர்வு மாணவர்களே, இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூல ஆசிரியருக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தில் நாம் எழுதுகிற திறனாய்வுகள் எத்தனை!

சரி, புத்தகம் வந்துவிட்டது, மாணவர்கள் படித்தார்கள். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு வந்தபோது, உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனம் உரிமத்தின் வாசகத்தை மாற்றியது. மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது. நிரல் வணிக இரகசியமாகிவிட்டது. லயன்ஸின் நூலில் மூலம் முழுவதும் அச்சாகியிருந்ததே, அதை யார் வெளிப்படையாக விற்க முடியும்? ஆகவே அது ஃபோட்டோஸ்டேட்டாகப் பரவியது. நகலின் நகல், அதற்கு ஒரு நகல் என்று பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகக் கைமாறியது. கணினித் துறையில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட நூல் இதுதான் என்று சொல்வார்கள். ஏட்டைப் படியெடுத்துப் படியெடுத்து எழுத்துத் தேய்ந்த கதை நமக்குப் புதிதா என்ன? ஒரு வேறுபாடு உண்டு. ஏடுகளைக் கரையானும் வெள்ளமும் தின்றன. இங்கே தடுத்தது ஓர் ஒப்பந்த வாசகம்.

யூனிக்ஸின் உரிமை கைமாறிக் கைமாறி எஸ்சிஓ என்ற நிறுவனத்திடம் வந்தது. அதன் அனுமதியோடு 1996-இல்தான் அந்நூல் முறையாக அச்சில் வெளிவந்தது. எழுதி ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து! லயன்ஸ் 1998-இல் இறந்தார். தம் நூல் கடையில் விற்பதைப் பார்க்க அவருக்கு இரண்டே ஆண்டுதான் கிடைத்தது.

இதிலிருந்து முதல் சிக்கல் தெளிவாகிறது. திருக்குறளுக்கு உரை எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இயங்குதளத்தின் மூலத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் கதவைச் சாத்திவிட்டால் உரை எழுத வழியில்லை.

கதவு சாத்தியிருந்த காலத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு வழி. மாரிஸ் பாக் 1986-இல் எழுதிய யூனிக்ஸ் வடிவமைப்பு நூல் முதல் வழி. பாக் பெல் ஆய்வுக்கூடத்திலேயே வேலை செய்தவர். மூல நிரலை அச்சிடாமல், அது செய்கிற வேலையைப் பொதுமொழியில் படிப்படியாக எழுதிக் காட்டினார். நம் சொல்லில் இது பொழிப்புரை. பாட்டு இல்லாத பொழிப்புரை. தெளிவான நூல். ஆனால் ஒரு குறை கடைசிவரை உறுத்தும். அவர் சொல்வது சரியா என்று மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் மூலம் கிடையாது. ஆசிரியர் சொன்னால் நம்ப வேண்டியதுதான்.

இரண்டாவது வழியைக் கண்டவர் ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம். யூனிக்ஸை வகுப்பில் காட்டக் கூடாதா, சரி, நானே ஒன்று எழுதுகிறேன் என்று கிளம்பினார். மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தைத் தாமே எழுதி, அதன் பன்னிரண்டாயிரம் வரி அளவிலான நிரலையும் சேர்த்து 1987-இல் நூலாக்கினார். மூலமும் அவரே, உரையும் அவரே. இது பெரிய துணிச்சல். நூலின் மொழி லயன்ஸைவிடப் பன்மடங்கு இனிமையானது, நகைச்சுவை உண்டு, முதல் வகுப்பு மாணவருக்கும் எட்டும். ஆனால் தன் பாட்டுக்குத் தானே உரை எழுதுகிறவரிடம் ஒரு பலவீனம் இருக்கும் அல்லவா? உரைக்கு வசதியாகப் பாட்டை அமைத்துக்கொள்வார். மினிக்ஸில் பல இடங்கள் கற்பிப்பதற்கு வசதியாக இருக்கின்றன. உண்மையான இயங்குதளம் ஒன்று நெருக்கடியில் எடுக்கிற அசிங்கமான முடிவுகள் அதில் குறைவு. அந்த அசிங்கங்களையும் மாணவர் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். டானன்பாம் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

இங்கேயும் உரிமம் குறுக்கே வந்தது. மினிக்ஸ் நிரலின் உரிமை பதிப்பகத்திடம் இருந்தது. படிக்கலாம், தனக்காக மாற்றலாம், மாற்றியதை விருப்பம்போல் பரப்ப முடியாது. ஹெல்சிங்கியில் அந்த நூலைப் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-இல் தாமே ஒரு கெர்னலை எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். அதுதான் லினக்ஸ். இன்று நம் கையில் இருக்கும் ஆண்டிராய்டு கைப்பேசிகளுக்குள் ஓடுவதும் அதுவே. மினிக்ஸ் 2000-இல் கட்டற்ற உரிமத்துக்கு மாறியபோது காலம் கடந்திருந்தது.

லினக்ஸ் வந்ததும் கதவுச் சிக்கல் தீர்ந்தது. மூலம் ஊரறியத் திறந்து கிடக்கிறது; யாரும் உரை எழுதலாம். அப்புறம் என்ன, நல்ல நூல்கள் குவிந்திருக்க வேண்டுமே? இங்கேதான் இரண்டாவது சிக்கல் காத்திருந்தது. முதலாவதைவிட இது கொடியது.

ஒரு கற்பனை செய்து பாருங்கள். பரிமேலழகர் உரை எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வள்ளுவர் வந்து கதவைத் தட்டி, 'ஐயா, போன தடவை கொடுத்ததில் நூறு குறளை மாற்றிவிட்டேன், ஓர் அதிகாரத்தை எடுத்துவிட்டேன், புதிதாக நான்கு சேர்த்திருக்கிறேன்' என்கிறார். பரிமேலழகர் கதி என்ன ஆகும்? லினக்ஸ் கெர்னல் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பாக வருகிறது. 1991-இல் பத்தாயிரம் வரி அளவில் தொடங்கியது, இப்போது மூன்று கோடி வரியைத் தாண்டிவிட்டது. பெரும்பகுதி வன்பொருள்களை இயக்கும் நிரல்தான், கெர்னலின் நடுப்பகுதி அவ்வளவு பெரிதில்லை. அப்படி இருந்தும் யார் உட்கார்ந்து உரை எழுதுவார்?

எழுதினார்கள். ரோமில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய போவெட், செசாட்டி இருவரும் லினக்ஸ் கெர்னலை விளக்கி 2000-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். 2002-இல் இரண்டாம் பதிப்பு, 2005-இல் மூன்றாம் பதிப்பு. மூன்றாவது பதிப்பு 2.6.11 என்ற கெர்னலை விளக்குகிறது. அதற்குமேல் பதிப்பு வரவில்லை. வேலைகளுக்குச் சிப்பைப் பங்கிட்டுக் கொடுக்கிற பகுதியை அந்த நூல் அத்தனை நுணுக்கமாக விளக்குகிறது. 2007-இல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். ராபர்ட் லவ் என்பவர் தம் நூலின் மூன்றாம் பதிப்பை 2010-இல் புதிய முறைக்கு ஏற்பத் திருத்தி எழுதினார். 2023-இல் அதையும் மாற்றி மூன்றாவது முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரே அதிகாரத்துக்கு மூன்று மூலம்! போன உரைகளில் பிழை ஏதும் இல்லை. அவை இப்போது இல்லாத மூலத்துக்கு எழுதிய உரைகள்.

வன்பொருள்களுக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் லினக்ஸ் நூல் ஒன்றின் கதை இன்னும் வேடிக்கை. கார்பெட், ரூபினி, க்ரோவா-ஹார்ட்மன் மூவரும் எழுதிய மூன்றாம் பதிப்பு 2005-இல் வந்தது. ஆசிரியர்களில் க்ரோவா-ஹார்ட்மன் கெர்னலையே எழுதுகிறவர். இதைவிட நல்ல உரையாசிரியர் எங்கே கிடைப்பார்? 2006-இல் குறுக்கீடுகளைக் கையாளும் நிரல்களின் வடிவத்திலிருந்து ஓர் உறுப்பை எடுத்துவிட்டார்கள். நூலில் அச்சாகியிருந்த அந்த வகை எடுத்துக்காட்டுகள் புதிய கெர்னலில் ஓடவில்லை. புத்தகத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்த மாணவர் தன் மேல்தான் தவறு என்று நினைத்து மணிக்கணக்கில் திண்டாடியிருப்பார். இந்த மாற்றங்களுக்குக் காரணம் சோம்பலோ குழப்பமோ கிடையாது. கெர்னலின் உள்ளே எதையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பது லினக்ஸ்காரர்கள் வெளிப்படையாகச் சொல்லிச் செய்கிற கொள்கை. நிரலுக்கு அது நல்லது. புத்தகத்துக்கு நஞ்சு.

இது நமக்குத் தெரியாத வலியா, ஆசிரியர்களே? யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் எடுக்கப்பட்டபோதும், பி.டி.3 அடுத்த ஆண்டு போனபோதும், அவற்றுக்கென்று எழுதிய பயிற்சி நூல்கள் கடைகளிலும் வீட்டு அலமாரிகளிலும் என்ன ஆயின என்று யோசித்துப் பாருங்கள். எழுதியவர்கள் தப்பாக எழுதவில்லை. அவர்கள் எழுதிய இலக்கு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நமக்கு அப்படி ஒரு மாற்றம் பல ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. கெர்னல்காரர்களுக்குப் பத்து வாரத்துக்கு ஒருமுறை.

பதிப்பகத்தின் பக்கமும் பார்ப்போம். இப்படிப்பட்ட நூல் எழுத இரண்டு, மூன்று ஆண்டு ஆகும். பக்கங்கள் ஆயிரத்தைத் தொடும். வாங்குகிறவர்கள் குறைவு, சமையல் குறிப்பு மாதிரி எல்லா வீட்டுக்கும் போகிற நூல் கிடையாது. வந்து இரண்டே ஆண்டில் பழையதாகிவிடும் என்று வாங்குகிறவருக்கும் தெரியும். எந்தப் பதிப்பாளர் துணிவார்? ஆப்பிள் கணினிகளின் உள்ளமைப்பைப் பற்றி அமித் சிங் 2006-இல் எழுதிய நூல் ஆயிரத்து அறுநூறு பக்கத்துக்கு மேல். அதே ஆண்டு தொடக்கத்திலேயே ஆப்பிள் தன் கணினிகளின் சிப்பைப் பவர்பிசியிலிருந்து இன்டெலுக்கு மாற்றத் தொடங்கிவிட்டது. பவர்பிசி பற்றி அவர் உழைத்து எழுதிய பக்கங்கள் அச்சு வாசனை போவதற்குள் பழங்கதை ஆயின. அதே துறையில் ஜானதன் லெவின் 2012-இல் ஒரு பெரிய பதிப்பகம் வழியாக ஒரு நூல் எழுதினார். அதற்குப் பிறகு எழுதிய மூன்று தொகுதிகளைத் தாமே பதிப்பித்துக்கொண்டார். சொந்தமாகப் பதிப்பித்தால் நினைத்த நேரத்தில் திருத்தலாம். நம் எழுத்தாளர்கள் கைக்காசு போட்டு நூல் வெளியிடுவதை நாம் குறையாகப் பேசுகிறோம். இங்கே அதுதான் பிழைக்கும் வழியாக இருக்கிறது.

விண்டோஸ் கதை வேறு மாதிரி. அங்கே மூலம் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் வீட்டுக்காரரே அவ்வப்போது ஒருவரை அழைத்து வீட்டைச் சுற்றிக் காட்டுவார். ஹெலன் கஸ்டர் எழுதிய முதல் நூல், விண்டோஸ் என்டி 1993-இல் வெளிவருவதற்கு முன்பே தயாராகிவிட்டது. பிறகு டேவிட் சாலமன், மார்க் ருசினோவிச் கைக்கு அந்த வரிசை வந்தது. ருசினோவிச் வெளியிலிருந்து விண்டோஸைத் துருவித் துருவி ஆராய்ந்து பெயர் வாங்கியவர். 2006-இல் மைக்ரோசாஃப்டிலேயே சேர்ந்தார். மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிப்பகமே இந்த நூல்களை வெளியிடுகிறது. திறனாய்வாளர் இதைக் கவனிக்காமல் விடக் கூடாது. இருந்தாலும் நூலில் ஒரு நேர்மை உண்டு. ஒரு செய்தியைச் சொன்னதும், நீங்களே உங்கள் கணினியில் இந்தக் கருவியை ஓட்டிப் பாருங்கள், நான் சொன்னது தெரியும் என்று சோதனை கொடுக்கிறார்கள். மூலத்தைக் காட்ட முடியாத உரையாசிரியர் வாசகரிடம் நம்பிக்கை பெற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் வேகச் சிக்கல் அங்கேயும் விட்டபாடில்லை. ஏழாம் பதிப்பின் முதல் பாகம் 2017-இல் வந்தது, இரண்டாம் பாகம் 2021-இல். நடுவில் விண்டோஸ் 10 எத்தனையோ முறை புதுப்பிக்கப்பட்டது. இரண்டாம் பாகம் வந்த அதே ஆண்டு விண்டோஸ் 11-உம் வந்துவிட்டது.

அப்படியென்றால் இந்த வகை நூலே வேண்டாமா? எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. துண்டு துண்டாகக் கிடைக்கிற விளக்கம் ஒரு சொல்லுக்குப் பொருள் தரும், பாட்டுக்குப் பொருள் தராது. முதலிலிருந்து கடைசிவரை ஒரே மனிதர் யோசித்து, எதை முன்னால் சொல்ல வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று முடிவெடுத்த ஒரு வரிசை மாணவருக்குத் தேவை. அந்த வரிசைக்குத்தான் நாம் நூல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதற்கு இரண்டு நல்ல விடைகள் வந்திருக்கின்றன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்பசி-டுசோ தம்பதியர் எழுதிய பாடநூல் ஒன்று. இயங்குதளத்தை மூன்றே பெரிய கருத்தாகப் பிரித்து, எந்தக் குறிப்பிட்ட கெர்னலோடும் தம்மைக் கட்டிக்கொள்ளாமல் எழுதியிருக்கிறார்கள். அதிகாரம் அதிகாரமாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். தவறு தெரிந்தால் திருத்துகிறார்கள். நடுநடுவே பேராசிரியரும் மாணவரும் உரையாடுகிற பகுதிகள் வரும். நம் வகையில் இது கருத்துரை. ஒரு குறிப்பிட்ட மூலத்துக்குக் கட்டுப்படாததால் மூலம் மாறினாலும் சாகாது. தேர்வுக்குப் படிக்கிறவருக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் இதை மட்டும் படித்தவர் ஓர் உண்மையான கெர்னலின் முன்னால் நிற்கும்போது, இலக்கிய வரலாறு படித்துவிட்டு இலக்கியம் படிக்காதவர் மாதிரி விழிப்பார்.

மற்றொன்று எம்ஐடியிலிருந்து வந்தது. அங்கே 2002 வாக்கில் லயன்ஸின் நூலையே பாடமாக வைத்துப் பார்த்தார்கள். மாணவர்கள் எங்கும் இல்லாத பழைய இயந்திரத்தின் மொழியைக் கற்க வேண்டியிருந்தது. ஆகவே 2006-இல் அந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸையே இக்கால இயந்திரத்துக்கு ஏற்பப் புதிதாக எழுதினார்கள். எக்ஸ்வி6 என்று பெயர். இதுவும் பத்தாயிரம் வரிக்குள். லயன்ஸ் செய்தது போலவே வரி எண்ணோடு மூலம், கூடவே ஓர் உரைநூல். இரண்டும் இலவசம், உரிமமும் தாராளம். இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் எடுத்த முடிவுதான். உலகம் முழுக்கப் பயன்படுகிற மூன்று கோடி வரியை விளக்கப் போகிறோம் என்று கிளம்பவில்லை. உரை எழுதத் தகுந்த அளவுள்ள, ஓடிப்போகாத ஒரு மூலத்தை முதலில் உண்டாக்கிக்கொண்டார்கள். டானன்பாமும் இதைத்தான் செய்தார். எம்ஐடிக்காரர்கள் அதைப் பூட்டாமல் விட்டார்கள். அப்படியே நின்றுவிடவும் இல்லை. 2019-இல் புதிய சிப் வகை ஒன்றுக்கு மாற்றி, மூலத்தையும் உரையையும் சேர்த்தே திருத்தினார்கள்.

பிழைத்த நூல்களை வரிசைப்படுத்திப் பாருங்கள், ஒரு செய்தி தெரியும். லயன்ஸ் விளக்கிய ஆறாம் பதிப்பு யூனிக்ஸை இன்று யாரும் வேலைக்குப் பயன்படுத்துவதில்லை. அந்த மூலம் இனி மாறாது. அதனால்தான் ஐம்பது ஆண்டு ஆகியும் அந்த உரை செல்லுபடியாகிறது. நடப்பிலுள்ள கெர்னலை விரட்டிப் பிடிக்கப் பார்த்த நூல்கள் உழைப்பில் எந்த வகையிலும் குறைந்தவை இல்லை, சில அதைவிட நன்றாகவே எழுதப்பட்டவை. அவற்றை இன்று எடுக்கிற மாணவர், எது இன்னும் உண்மை, எது போய்விட்டது என்று தானே சலித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் முறை கற்கிறவரிடம் அந்தச் சல்லடை இருக்காது.

தமிழுக்கு வருவோம். கணியம் இதழ் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் லினக்ஸ் உள்ளிட்ட பல கணினிப் பாடங்களை இலவச மின்னூலாகக் கொடுத்திருக்கிறது. பாராட்ட வேண்டிய பணி. அவை பயன்படுத்துவோருக்கானவை. உள்ளே கழற்றிக் காட்டுகிற உரையைத் தமிழில் எழுத வேண்டுமென்றால் எங்கே தொடங்கலாம்? மூன்று கோடி வரிப் பக்கம் போகவே வேண்டாம். எக்ஸ்வி6-இல் 'பைப்' என்ற ஒரு கோப்பு இருக்கிறது, நூற்றுச் சொச்சம் வரிதான். ஒரு நிரல் எழுதுவதை இன்னொரு நிரல் படிக்கும்படி நடுவில் ஒரு குழாய் வைக்கிற வேலை. குழாய் 512 பைட் கொள்ளும். நிறைந்துவிட்டால் எழுதுகிறவர் உறங்கப் போய்விடுவார். படிக்கிறவர் உள்ளதை எடுத்துக்கொண்டதும் எழுதுகிறவரை எழுப்புவார். காலியாக இருந்தால் படிக்கிறவர் உறங்குவார். இருவரும் ஒரே நேரத்தில் கைவைக்காமலிருக்க ஒரு பூட்டு. குழாய், உறக்கம், எழுப்புதல், பூட்டு: சொல்லுக்குப் பஞ்சமே இல்லை, பாருங்கள்.

கணினி அறிவியல் எடுக்கிற மாணவர் ஒருவரும் தமிழ் எடுக்கிற மாணவர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த வரிகளுக்கு முதலில் பதவுரையும் பிறகு விளக்கவுரையும் எழுதிப் பார்க்கட்டும். ஆசிரியர்களே, திருத்தும்போது ஓர் இடத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். எழுதுகிறவர் உறங்கப் போகும்போது கையில் இருக்கும் பூட்டை என்ன செய்கிறார் என்பதற்கு அவர்கள் என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்?